பாக்கெட் இல்லாத கோட்டு

நாத்தனாரின் விரல்கள் அவளுடைய இடுப்புப் பட்டையை முன்பக்கத்திலிருந்து தடவிக்கொண்டே வந்து, இடது பக்கம் எலும்புக்கு மேலே நின்றன. துணிக்குள் பட்டாணி அளவுக்கு ஒரு மேடு. விரல் அதை ஒருதரம் அழுத்தியது. விட்டுவிட்டு இன்னொருதரம் அழுத்தியது. திரைக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள், ஷிப்டுக்கு மணி அடிக்கப்போகிறதே என்று முனகிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் நிமிர்ந்து அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு, "போ," என்றாள். அவ்வளவுதான். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தவளுக்கு, மாட்டிவிடாமல் அனுப்பியதுதான் அதிக பயமாக இருந்தது.

சொந்த நாத்தனார்தான். முன்னாள் என்று சேர்த்துக்கொள்ளலாமா கூடாதா என்பது விவாகரத்துக் கோர்ட்டில் இன்னும் தீரவில்லை. செண்ட் பாட்டில்களை அட்டைப்பெட்டியில் அடைத்து வெளியே அனுப்பும் இந்தக் கம்பெனியில் அவள் வருஷக்கணக்காக வேலை செய்கிறாள். நாத்தனார் போன மாதம்தான் கேட்டில் பெண்களைச் சோதிக்கும் செக்யூரிட்டியாக வந்து சேர்ந்தாள். ஊரில் இத்தனை கேட்டு இருக்கும்போது அவளுக்கு இந்தக் கேட்டுதான் கிடைத்தது.

கிடைத்த நேரமும் அப்படி. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு புது செண்ட் பாட்டில் வந்திருந்தது. விலை அதிகம், அளவு சின்னது, எங்கே வைத்தாலும் தெரியாது. பெட்டி பெட்டியாகக் குறையத் தொடங்கியதும் நிர்வாக மேடம் எல்லாரையும் முற்றத்தில் நிற்கவைத்துச் சட்டம் போட்டாள். இனிமேல் பாக்கெட் இல்லாத கோட்டு. போட்டிருக்கும் பேன்ட்டில் பாக்கெட் இருந்தால் அதைத் தைத்து மூடிவிட வேண்டும். போன் கேட்டிலிருக்கும் அலமாரியில். மற்ற சாமான் எதுவானாலும் கம்பெனி கொடுக்கும் கண்ணாடிப் பையில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. "மறைக்க ஒண்ணும் இல்லாதவங்க எதுக்குப் பயப்படணும்?" என்று மேடம் கேட்டாள். கேட்ட மேடத்தின் தோளில் இரண்டு ஜிப்பு வைத்த தோல் பை தொங்கியது. அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

பாக்கெட்டைப் பிடுங்கிவிட்டால் மனுஷன் சும்மா இருப்பானா? லோடு ஏற்றுகிறவன் பர்ஸைத் தொப்பிக்குள் வைத்தான். மேடத்தைப் பார்த்து மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றியபோது அது அவள் காலடியில் போய் விழுந்தது. சூப்பர்வைசர் பேனாவைக் காதில் செருகினார், பர்ஸைக் காலுறைக்குள் விட்டுக்கொண்டு ஒரு வாரம் நொண்டி நொண்டி நடந்தார். மற்ற ஆண்களுக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை, போட்டோவுக்கு நிற்கிறவர்கள் மாதிரி தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். லேபிள் ஒட்டும் பெண் பஸ் பாஸைக் கொண்டைக்குள் வைத்து முடிந்தாள். கண்ணாடிப் பைக்குள் வந்ததெல்லாம் ஊருக்கே பொதுவாகிவிட்டது. யாருக்கு மூலநோய்த் தைலம், யார் சீப்பில் எத்தனை பல் போயிருக்கிறது, எவள் பர்ஸில் எவன் போட்டோ என்று சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லார் வாயிலும் புகுந்து வந்தது. முதலில் பையை மார்போடு அணைத்து நடந்தவர்கள் பத்து நாளில் அதை வீசிக்கொண்டு நடந்தார்கள். எத்தனை நாளைக்குத்தான் கூச்சப்படுவது.

அவளால் அப்படிப் பழகிக்கொள்ள முடியவில்லை. அவளிடம் இருந்தது வலிப்பு மாத்திரை. காலையிலும் இரவிலும் வீட்டில் போட்டுக்கொள்ளலாம், மதியத்து மாத்திரை கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாக வேண்டும். அவள் உட்காருவது சீல் மெஷினில். பெட்டியைச் சுற்றிய பிளாஸ்டிக் தாளின் மேல் சூட்டுத் தகடு இறங்கி அறுத்து ஒட்டிவிட்டு மேலே போகும். வலிப்பு உள்ளவர்களை அங்கே உட்காரவைக்கக் கூடாது. அவளுக்கு வலிப்பு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன, மாத்திரை தவறியதில்லை, தகடும் அவளும் நல்ல சிநேகம். ஆனால் இதையெல்லாம் யார் கேட்பார்கள்? மாத்திரையைப் பார்த்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள். வீட்டில் நடக்க முடியாத அம்மா. இந்தச் சம்பளம் நின்றால் அடுத்த மாதம் இரண்டு பேரும் எந்தக் கூரையின் கீழ் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

இதை நன்றாகத் தெரிந்த ஒரே ஆள்தான் கேட்டில் நின்றாள். கல்யாணத்தின்போது அம்மா நோயைச் சொல்லவில்லை. ஒரு அட்டை மாத்திரையைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்து அனுப்பினாள். மாடியில் தலையணையை வெயிலில் போட்ட நாத்தனார்தான் சரசரவென்று சத்தம் கேட்டு உறையைக் கிழித்தாள். அதுவரை வாய் நிறைய அண்ணி அண்ணி என்று கூப்பிட்டவள், நடுவீட்டில் நின்று ஏமாற்றுக்காரக் குடும்பம் என்று தெருவே கேட்கக் கத்தினாள். புருஷன் கதவோரம் நின்றான். ஒரு கை பின் பாக்கெட்டின் மேல் இருந்தது. எனக்கு எதுவும் தெரியாது என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

இடுப்புப் பட்டையில் இருந்தது கண்டுபிடிக்கப்பட்ட மறுநாள் அவள் மாத்திரையைத் தொப்பியின் எலாஸ்டிக்குக்குள் வைத்தாள். நாத்தனார் தொப்பியை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றி, அந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தி, திருப்பித் தலையில் போட்டாள். அதற்கு அடுத்த நாள் விரலில் காயம் என்று பிளாஸ்திரி சுற்றி அதற்குள் வைத்தாள். "காயம் ஆறவே இல்லையே பாவம்," என்று நாத்தனார் விரலைப் பிடித்து நசுக்கினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவாள், கண்டுபிடிப்பாள், விடுவாள். நாத்தனாரின் நீலச் சட்டையில் மட்டும் பொத்தான் போட்ட நான்கு பாக்கெட்டுகள். தன்னையே மடித்து அவற்றில் ஒன்றில் போட்டுப் பொத்தானையும் மாட்டிவிட்டாள் என்று அவளுக்குத் தோன்றும். வெறுப்பில் மதியச் சாப்பாடு இறங்காது.

காலுறைக்குள் வைத்த அன்று நாத்தனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"எங்கண்ணனுக்கு ஒரு இடம் வந்திருக்கு."

"நல்லா இருக்கட்டும்."

"வக்கீல் எழுதி வெச்சிருக்காரு. நோயை மறைச்சுத்தான் கட்டிக்கிட்டேன்னு நீ ஒத்துக்கிட்டா சட்டுனு முடிஞ்சிடும். ஒரே ஒரு கையெழுத்து."

"பிரியறதுக்கு எங்க வேணாலும் போடறேன். மறைச்சேன்னு போட மாட்டேன்."

"மறைக்கலையா? இப்ப இந்த சாக்ஸுக்குள்ள இருக்கறது என்ன, புளிப்பு மிட்டாயா?"

அவள் கீழே குனிந்து நாத்தனாரின் வகிட்டைப் பார்த்தாள். எத்தனையோ தடவை அவளே வாரிவிட்ட தலை.

"உங்கண்ணன் பர்ஸை எப்பவாவது தொட்டிருக்கியா?"

"நான் எதுக்குத் தொடணும்?"

"அதுல லைசென்ஸுக்குப் பின்னாடிதான் என் மாத்திரை இருக்கும். கல்யாணமாகி ரெண்டாவது வாரமே அவர்கிட்ட சொல்லிட்டேன். எங்கம்மாவுக்குத் தெரிய வேணாம், நான் பாத்துக்கறேன்னாரு. அவர்தான் வாங்கிட்டு வருவாரு, தினமும் எடுத்துக் குடுப்பாரு. நீ தலகாணியோட ஆடினியே, அப்பவும் அரை அட்டை அவர் பாக்கெட்லதான் இருந்துச்சு. கையால பொத்திக்கிட்டு நின்னாரு."

கணுக்காலில் நகம் இறங்கியது.

"வாயை மூடு. புளுகறதுக்கும் ஒரு அளவு வேணும்," என்றாள் நாத்தனார். "நாளைக்குக் கையெழுத்தோட வா. இல்லன்னா நேரா மேடம்கிட்ட போவேன். அந்தத் தகட்டுல உன் கை மாட்டுனா, தெரிஞ்சே உள்ள விட்டேன்னு என் வேலையும்தான் போகும்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் நியாயம் இருந்தது, அதுவும் சேர்ந்து எரிந்தது. பர்ஸ் விஷயத்தை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் யார் நம்புவார்கள் என்பது ஒரு காரணம். ஒருநாள் அவனே வாயைத் திறப்பான் என்று காத்திருந்தது இன்னொரு காரணம். அந்த இரண்டாவது காரணத்தை நினைத்தால் தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அன்று முழுக்கத் தகடு இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்துக்கொண்டே யோசித்தாள். கையெழுத்து போட்டால் நாளைக்கு விடுவாள். அடுத்த மாதம் வேறு ஏதாவது கேட்பாள். அதற்கும் இதே திரைக்குள் வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

மறுநாள் காலையில் அவள் மாத்திரையை அட்டையிலிருந்து வெட்டவில்லை. முழு அட்டையையும் கண்ணாடிப் பைக்குள் போட்டாள். சீப்பு, சாவி, கைக்குட்டை எல்லாவற்றுக்கும் மேலே, பேர் தெரிகிற மாதிரி வைத்தாள்.

"என்னடி இது, வெளிய தெரியுதே," என்றாள் கட்டிலிலிருந்து அம்மா.

"தெரியட்டும்."

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா? வேலைக்கு உலை வெச்சுராதே."

"போதும்மா. நீ மறைச்சு வெச்ச அழகைத்தான் பாத்தாச்சே," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கேட்டில் அன்று மேடமும் இருந்தாள். கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு போனில் யாரையோ காய்ச்சிக்கொண்டிருந்தாள். வரிசையில் தன் முறை வந்ததும் அவள் பையைச் சோதனை மேசையின் நடுவில் வைத்தாள்.

"என்ன மாத்திரைக்கா இது?" என்று பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள் லேபிள் ஒட்டும் பெண்.

"வலிப்புக்கு."

சாதாரணக் குரலில்தான் சொன்னாள். பின்னால் முனகல் நின்றது. வரிசை ஓரடி விலகுவது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. மேடம் திரும்பவில்லை. நாத்தனாரின் உள்ளங்கை சட்டென்று பையின் மேல் விழுந்தது.

"நேத்து அவன்கிட்ட கேட்டேன்," என்றாள் நாத்தனார், தலையைத் தூக்காமல். கண் இரண்டும் வீங்கிப்போயிருந்தது.

"என்ன சொன்னாரு?"

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தவன் எழுந்து வெளிய போயிட்டான்."

அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. வந்தது ஆத்திரம்தான்.

"இதை உள்ள வை," என்று நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "இடுப்புலயே செருகிக்க. நான் எதையும் பாக்கல. கையெழுத்தும் வேணாம். சீக்கிரம், மேடம் திரும்பறதுக்குள்ள."

இத்தனை வருஷம் கழித்து இந்தக் குடும்பம் அவளுக்குக் கொடுக்க வந்த நியாயம் இதுதான்: இன்னும் கொஞ்சம் நன்றாக மறைத்துக்கொள்.

"கையை எடு," என்றாள் அவள்.

"சொன்னாக் கேளு. வேலை போயிடும்."

"எடுன்னு சொல்றேன்."

எடுக்கவில்லை. அவள் பையின் வாயைப் பிடித்து இழுத்தாள், நாத்தனார் மேசையோடு சேர்த்து அழுத்தினாள். பிளாஸ்டிக் கிரீச்சிட்டது. போன் பேச்சு நின்றது. "என்ன அங்க?" என்ற மேடத்தின் குரலும் அதற்குப் பின்னால் செருப்புச் சத்தமும் நெருங்கி வந்தன. விரித்து அழுத்திய விரல்களின் இடுக்கில் மாத்திரை அட்டை மினுமினுத்தது. அவள் நாத்தனாரின் சுண்டுவிரலைப் பிடித்துத் தூக்கினாள், பிறகு அடுத்த விரலை.