என்ன கொழம்பு?

குவைத்திலிருந்து வேலையை முடித்துக்கொண்டு வந்த நான்காவது மாதத்தில்தான் செபமாலைக்குத் தெரிந்தது, தன் மனைவி ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் புதுக்கோட்டைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருகிறவள் என்று.

அவர் வந்த முதல் மூன்று மாதமும் அடைக்கலமேரி போகவில்லை. பதினான்கு வருடம் கழித்து வீட்டோடு வந்து சேர்ந்த மனிதரைத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது என்று பேசாமல் இருந்துவிட்டாள். நான்காவது மாதம், காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து அடுப்பில் கறியை வதக்கிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"ஏங்க, சாயந்தரம் டவுனுக்குப் போறேன். காமெடி ஷோ இருக்கு. நீங்களும் வாரீங்களா?"

"என்ன ஷோ? படமா?"

"படம் இல்லீங்க. ஆளுக நேர்ல மைக்கப் பிடிச்சுப் பேசுவாங்க. அவங்கவங்க வீட்டுக் கதை, வேலை பாக்குற எடத்துக் கதை. நல்லா இருந்தாச் சிரிப்போம். இல்லேன்னா சும்மா உக்காந்திருப்போம்."

"பட்டிமன்றம் மாதிரியா?"

"அதுல நடுவர்னு ஒருத்தரு இருப்பாரு. இதுல நாமதான் நடுவரு."

செபமாலைக்குப் போகவும் பெரிய ஆசையில்லை, வீட்டில் இருக்கவும் பெரிய ஆசையில்லை. ஏசி மெக்கானிக்காக நாளெல்லாம் ஏணியில் நின்ற உடம்புக்கு, ஓய்வு என்பது இன்னும் பழகவில்லை. சரி என்றார்.

குளத்தூருக்குப் பக்கத்திலிருந்து புதுக்கோட்டைக்கு மேரிதான் வண்டி ஓட்டினாள். அவருடைய லைசென்ஸ் காலாவதியாகிக் கிடந்தது. அவள் அவர் ஊரில் இல்லாத வருடங்களில் ஸ்கூட்டி பழகி, சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு அதிலேயே போய்வந்துகொண்டிருந்தாள். பின்னால் உட்கார்ந்து போவது அவருக்கு முதலில் கூச்சமாக இருந்தது. நார்த்தாமலை தாண்டியதும் காற்று நன்றாக அடிக்க, கூச்சம் போய்விட்டது.

நிகழ்ச்சி நடக்கும் இடம் ஒரு பேக்கரியின் மாடி. வாரநாட்களில் அங்கே குரூப் ஃபோர் தேர்வுக்கான பயிற்சி வகுப்பு நடக்கும். மகள் ஷர்லி அங்கே படித்த காலத்தில் கூட்டிப்போக வந்த மேரி, சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டிப்பார்த்திருக்கிறாள். ஷர்லி தேர்வெழுதி, வேலைக்குச் சென்னை போய்விட்டாள். மேரி மட்டும் வருவதை நிறுத்தவில்லை.

மாடியில் எழுதும் பலகை வைத்த நாற்காலிகள் ஐம்பது. கரும்பலகையில் ஐந்தாண்டுத் திட்டங்கள் அழிக்கப்படாமல் இருந்தன. உள்ளே நுழைந்ததும் நாலைந்து குரல்கள் எழுந்தன.

"அக்கா வந்தாச்சுடா!"

வகுப்பையும் நிகழ்ச்சியையும் நடத்துகிற பொற்கொடி ஓடிவந்து மேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு செபமாலையைப் பார்த்து, "வாங்கண்ணே. அக்கா மூணு மாசம் வரல, எங்க ஆளுக பாதிப் பேருக்கு வாயே தொறக்கல. அக்கா சிரிச்சாத்தான் மத்தவங்க சிரிக்கலாமான்னு யோசிப்பாங்க" என்றாள்.

முன்வரிசையில் இடது ஓரத்து நாற்காலி மேரிக்காகக் காலியாக விடப்பட்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப்போட்டார்கள். செபமாலை உட்கார்ந்தார். தன் மனைவியை இத்தனை பேருக்குத் தெரியும் என்பதே அவருக்குப் புதுச் செய்தி.

பேர் கொடுத்த யாரும் பேசலாம். ஆளுக்கு ஐந்து நிமிடம். நாலாவது நிமிடத்தில் பொற்கொடி பின்னாலிருந்து போனின் டார்ச்சைத் தூக்கிக் காட்டுவாள்; அதற்குமேல் இழுத்தால் மைக்கை வாங்கிவிடுவாள். முதலில் கூட்டுறவு வங்கி ஊழியர் ஒருவர் வந்து நகைக்கடன் வரிசையைப் பற்றிப் பேசினார். அடுத்து ஒரு நர்ஸ், தன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கடைசியில் பிரஷர் பார்த்துக்கொண்டு போன கதையைச் சொன்னாள். கூடம் சிரித்தது. செபமாலை சிரிக்கவில்லை. அவர் மேரியைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார். அவள் சிரிப்பு முதலில் மூச்சாக வெளிப்பட்டு, பிறகு சத்தமாகி, கடைசியில் பலகையில் கையால் ஒரு தட்டு தட்டி முடிந்தது. போனில் கேட்ட சிரிப்பு இது இல்லை. போனில் அவள் 'ம்' என்பதற்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று செய்வாள். அதைத்தான் சிரிப்பு என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவதாக ஒல்லியான ஒருவன் எழுந்துபோனான். பெயர் தமிழ்செல்வன், மணமேல்குடிக்காரன், டவுனில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறவன் என்று பொற்கொடி அறிவித்தாள்.

"எங்கப்பா பதினாறு வருசமா சவுதியில இருக்காரு" என்று ஆரம்பித்தான். "தெனமும் போன் பண்ணுவாரு. மொத கேள்வி என்ன தெரியுமா? 'என்ன கொழம்பு?' எனக்கு அம்மை போட்டு வேப்பெலையில படுத்திருக்கேன். போன் வருது. 'என்ன கொழம்பு?' எங்கக்கா பத்தாவதுல ஸ்கூல் பர்ஸ்ட். போனப் பிடுங்கி, 'அப்பா, நானூத்தித் தொண்ணூறு'ங்குது. 'அப்படியா, சந்தோசம்த்தா. என்ன கொழம்பு?'"

கூடம் சிரிக்கத் தொடங்கிவிட்டது.

"கஜா புயல் வந்துச்சு. தென்ன மரம் பூராம் சாஞ்சு கெடக்கு. கரண்டு இல்ல, டவர் இல்ல. நாங்க உசிரோட இருக்கமான்னே அவருக்குத் தெரியாது. பதினோரு நாள் கழிச்சு லைன் கெடைக்குது. எங்கம்மா அழுகுது. மொத கேள்வி..."

"என்ன கொழம்பு!" என்று கூடமே கத்தியது.

"எங்கம்மா சொல்லுது, 'அடுப்பே இல்லீங்க. ஓடு போச்சு, மரம் போச்சு, மாடு செத்துப்போச்சு.' அந்தப் பக்கம் சத்தமே இல்ல. பெறகு மெதுவாக் கேக்குறாரு... 'அப்ப நேத்து என்ன கொழம்பு?'"

மேரி பலகையில் இரண்டு தட்டு தட்டினாள். செபமாலைக்கு மட்டும் காது சூடாகிவிட்டது. அதே புயலில் அவருக்கும் ஆறு நாள் லைன் கிடைக்கவில்லை. ஏழாவது நாள், தொழிலாளர் கேம்ப் மொட்டைமாடியில் நின்றுகொண்டு அவர் கேட்ட முதல் வார்த்தை அதுதான். "கொழம்பா?" என்று மேரி கேட்டது நினைவிருக்கிறது. அப்புறம் லைன் கட்டாகிவிட்டது.

திரும்பி வரும்போது வழியில் ஒரு டீக்கடையில் மேரி வண்டியை நிறுத்தினாள்.

"என்னங்க, புடிக்கலையா?"

"நம்ம வீட்டு விசயத்த அந்தப் பயகிட்டச் சொன்னியா?"

"எந்த விசயம்?"

"கொழம்பு. புயலு."

மேரி அவரை ஒரு நொடி பார்த்துவிட்டு டீயைக் கீழே வைத்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. அது அவுக அப்பா. எங்க ஸ்கூல்ல ஆயா வேலை பாக்குற செவந்தி வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல இருக்காரு, அவரும் அதத்தான் கேப்பாராம். ஊரு பூராம் அப்படித்தான் கேட்டிருக்கு." பிறகு சொன்னாள்: "அன்னைக்கு லைன் கட்டாகல. நான்தான் கட் பண்ணேன்."

செபமாலை நிமிர்ந்து பார்த்தார்.

"கூரைத் தகரம் பறந்துபோயி, நானும் பிள்ளையும் கட்டிலுக்கடியில கெடந்தோம். கொழம்பக் கேட்டா எப்படி இருக்கும்? ரொம்ப நாளைக்கு ஆத்திரமா இருந்துச்சு. எனக்கு மட்டும் இப்படி ஒரு மனுசன் வாச்சிருக்காரேன்னு நெனச்சேன். ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒருநாள் அந்தத் தம்பி இதப் பேசுனப்ப, சுத்திலும் பாத்தேன். அம்பது பேரும் சிரிக்கிறாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. நானும் சிரிச்சுட்டேன். அன்னைக்குத்தாங்க ஒங்க மேல இருந்த கோவம் போச்சு."

செபமாலை ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு வண்டியில் ஏறினார். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு, அவள் கேட்பதற்கு முன்பே சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

நிகழ்ச்சி தொடங்குமுன் தமிழ்செல்வன் பேக்கரி வாசலில் நின்று, ஒரு சின்ன நோட்டைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். செபமாலை அவனருகில் போனார்.

"தம்பி, ஒரு விசயம். நான் மேரி வீட்டுக்காரரு."

"தெரியும். அக்கா வீட்டுக்காரருன்னா எனக்கு மாமாதான. சொல்லுங்க மாமா."

"கொழம்பு கேக்குறத வச்சுப் பேசுன. ஏன் கேக்குறோம்னு ஒனக்குத் தெரியுமா?"

அவன் நோட்டை மூடினான்.

"ஒரு ரூம்ல பதினோரு பேரு. கட்டிலுக்கு மேல கட்டிலு. ஒருத்தன் போன் பேசுனா பத்துப் பேருக்கும் கேக்கும். பொண்டாட்டிகிட்ட வேற என்னத்தப்பா கேக்க முடியும்? 'நல்லா இருக்கியா'ன்னா 'இருக்கேன்'னு ஒத்த வார்த்தையில முடிஞ்சுபோகும். கொழம்பக் கேட்டா, புளி வாங்கப் போனேன், அங்க இன்னாரப் பாத்தேன், அவ மக சண்ட போட்டு வந்துட்டாளாம்னு பத்து நிமிசம் ஓடும். நாம 'ம்' போட்டா போதும். நாம பேச ஆரம்பிச்சா தொண்ட அடைச்சுக்கும். எங்க ரூம்ல அறந்தாங்கிக்காரன் ஒருத்தன், குணசேகரன்னு பேரு. அவனுக்குக் கல்யாணம் ஆகல. நான் போன வச்ச ஒடனே மேல் கட்டில்லருந்து தலையத் தொங்கவிட்டு, 'அண்ணே, அண்ணி முருங்கக்காயா கத்திரிக்காயா?'ன்னு கேட்டுட்டுத்தான் தூங்குவான்."

தமிழ்செல்வன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்த்தான்.

"எங்கப்பா ரூம்ல எத்தன பேருன்னு நான் கேட்டதே இல்ல மாமா" என்றான். நோட்டைத் திறந்துகொண்டே, "இத நான் பேசிக்கிறலாமா?" என்று கேட்டான்.

"பேசிக்க. எம் பேரு வேண்டாம்."

அன்றே அவசரப்பட்டுப் பேசினான். குழம்புக் கதையைச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்துவிட்டு, அந்தப் பதினோரு பேர் அறைக்கு வந்தான். கூடம் அடங்கிப்போனது. யாரோ இருமினார்கள். ஒருவர் 'பாவம்' என்று சொன்னது தெளிவாகக் கேட்டது. பொற்கொடியின் டார்ச் எரிந்தது. அவன் நன்றி சொல்லிவிட்டு இறங்கினான்.

தானே மேடையில் நின்று தடுமாறியதுபோல் செபமாலைக்கு உடம்பு வேர்த்தது. "என்னால அவன் நல்ல கதையும் கெட்டுப்போச்சு" என்று மேரியிடம் முணுமுணுத்தார்.

"புதுசு எல்லாம் இப்படித்தாங்க இருக்கும். அந்தப் புயல் கதைக்கே அஞ்சு மாசம் யாரும் சிரிக்கல. மொதல்ல மாடு செத்ததச் சொல்லி எல்லாரையும் அழ வச்சான். இங்க வாறவங்க, வெந்தது வேகாதது எல்லாத்தையும்தான் திங்கணும்."

அதற்கடுத்த மாதம் கொஞ்சம் சிரிப்பு வந்தது, ஆனால் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. செபமாலை வீட்டில் உட்கார்ந்து யோசித்தார். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும்போதும் அதே யோசனை. ஒருநாள் மத்தியானம் மேரியிடம் அவன் நம்பரை வாங்கிக் கூப்பிட்டார்.

"தம்பி, ரூம எடுத்த எடுப்புல சொல்லாத. மேல் கட்டில்லருந்து ஒரு தலை தொங்குது பாரு, அதுலருந்து ஆரம்பி. யாரு என்னன்னு தெரியாம அவங்க முழிக்கட்டும். பெறகு ஒவ்வொரு தலையா இறக்கு."

"மாமா, நீங்களே பேசலாமே?"

"எனக்கு அதெல்லாம் வராதுப்பா. எனக்குக் கேக்கத்தான் வருது."

மூன்றாவது முறை, சாயங்காலம் மழை தூறியதால் முப்பது பேர்தான் வந்திருந்தார்கள். தமிழ்செல்வன் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, மேலிருந்து தொங்குகிறவன்போல நின்று, "முருங்கக்காயா கத்திரிக்காயா?" என்றான். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அடுத்து இன்னொரு தலை: "காரம் போட்டாங்களா?" மூன்றாவது தலை: "மீனு இல்லையா?" முன்வரிசையில் இருந்து ஒரு சிரிப்பு புறப்பட்டது. ஆனால் அது மேரியுடையது அல்ல. செபமாலை குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். குணசேகரனின் முகம் அப்படியே அங்கே தொங்கியது. மேரி அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர்களைப் பார்த்துப் பின்வரிசை சிரித்தது. பத்தாவது தலை, "நேத்து சொன்ன வத்தக் கொழம்பு மிச்சம் இருக்கான்னு கேளுங்கண்ணே" என்று கேட்டபோது கூடமே வெடித்துச் சிரித்தது.

அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகு தமிழ்செல்வன் சாதாரணக் குரலில் சொன்னான்: "எங்கப்பா தனியாத்தான் போன் பேசுறாருன்னு நான் இத்தன வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

இந்த முறை யாரும் இருமவில்லை. மூன்றாம் வரிசையில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். டார்ச் எரியுமுன்பே அவன் மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினான்.

எல்லாரும் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது அவன் இருவரிடமும் வந்தான். அடுத்த சனிக்கிழமை திருச்சியில் பெரிய கூட்டத்தில் பத்து நிமிடம் கிடைத்திருக்கிறதாம். டிக்கெட் போட்ட நிகழ்ச்சி. தெரிந்த முகம் ஒன்றும் இருக்காது.

"முன்னால ரெண்டு சீட்டுச் சொல்லி வச்சிருக்கேன். வாரீங்களா மாமா?"

"சனிக்கிழமை நம்ம தெரு சூசைராஜ் வீட்டுப் புதுமனைப் புகுவிழா இருக்குங்களே" என்று மேரி செபமாலையைப் பார்த்தாள்.

"அது காலையில. பன்னெண்டுக்கெல்லாம் சாப்பிட்டுட்டுக் கெளம்பிரலாம்" என்றார் செபமாலை. பிறகு தமிழ்செல்வனிடம், "ஷோ எத்தன மணிக்குப்பா? ஒரு மணி நேரம் முந்தியே வந்துர்றோம்" என்றார்.

தூறல் நின்றிருந்தது. மேரி சேலைத் தலைப்பால் வண்டிச் சீட்டைத் துடைக்க, அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.