பச்சைக்கு மேல் கறுப்பு

பதினெட்டாயிரத்து எழுநூற்று ஐம்பது. என் மச்சினன் எனக்குத் தர வேண்டிய பணம் அவ்வளவு. அந்த எழுநூற்று ஐம்பதை அவன் அடிக்கடி மறந்துவிடுவான். நான் மறந்ததில்லை.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. மைக்செட்டும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடுகிறவன். எல்லாரும் அவனைச் ‘சவுண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் பேச்சும் அப்படித்தான், சத்தம் வரும், சரக்கு வராது. நான் குடோனில் மூட்டை இறக்குகிறவன். இறக்கி இறக்கி என் குடலும் கொஞ்சம் இறங்கிவிட்டது. அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு வீக்கம். இனிமேல் ஒரு மூட்டை தூக்கினாலும் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு முன்பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம்தான் சவுண்டிடம் மாட்டிக்கொண்டு இருந்தது.

அவன் வந்தபோது நான் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். எங்கள் வீட்டுச் சாவியில் ஒரு தகரத் துண்டைக் கோத்து வைத்திருப்பாள் என் மனைவி, சாவி தொலையாமல் இருக்க. அதைப் பிடித்துச் சாவியை மறுபடி திருப்பிக் கதவைத் திறந்தேன். சவுண்டு நீளமான ஒரு பையைக் கட்டிலில் வைத்து ஜிப்பை இழுத்தான். உள்ளே ஒரு கறுப்புக் கிட்டார். கரண்டில் வாசிக்கிற வகை.

“ஜப்பான்ல செஞ்சது மாமா. வித்தீங்கன்னா நாப்பதாயிரம் போகும். கடனுக்கு வச்சுக்குங்க. மிச்சத்துக்கு உடம்பைப் பாத்துக்குங்க.”

கடன்காரன் கடனுக்கு மேலே தருகிறான் என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நான் எழுத்துக் கூட்டப் பழகியதே நாற்பது வயதுக்கு மேல்தான். அதனால் கண்ணில் படுகிற எந்த எழுத்தையும் விட மாட்டேன். கிட்டாரின் தலையில் தங்க நிறத்தில் இங்கிலீஷ் எழுத்து பளபளவென்று இருந்தது. மற்றதெல்லாம் பழசு, அது மட்டும் புதுசு.

“இந்தப் பேரு ஜப்பான் பேரா?”

“உலகத்துலயே பெரிய கம்பெனி பேரு மாமா. ஜப்பான்ல வச்சுச் செய்வாங்க. உங்களுக்கு அதெல்லாம் எதுக்கு?”

“எங்க இருந்து வந்துச்சு?”

“பாட்டுக் கோஷ்டில ஒருத்தன் எனக்குத் தர வேண்டிய பாக்கிக்குக் குடுத்தான்.” சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை, ஜிப்பைப் பார்த்தான். “ஒண்ணு மாமா. அக்காகிட்ட காட்டாதீங்க. வித்துட்டுப் பணத்தைக் காட்டுங்க. இல்லேன்னா ஓட்டைக் கிட்டாரைக் குடுத்து ஏமாத்திட்டான்னு என்னைத் தெருவுல நிறுத்திடும்.”

அவன் போன பிறகு பையை மூடிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். திருட்டுச் சாமானாக இருக்குமோ? ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவன் போலீஸ் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்?

சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் ஒருவர் கிட்டார் ரிப்பேர் பார்க்கிறார். எல்லாருக்கும் அவர் கம்பிக்காரர். படி ஏறினதில் வயிறு இழுத்தது. கிட்டாரை மேஜையில் வைத்து, விற்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தங்க எழுத்தை நகத்தால் சுரண்டினார். எழுத்து சுருண்டு வந்தது.

“ஸ்டிக்கர்,” என்றார். “இந்தப் பேரை நம்பி வாங்குனீங்களா?”

“கடனுக்கு வந்தது.”

“ஓகோ. அப்ப ஸ்டிக்கர் ஒட்டித்தான் வரும்.”

ஸ்டிக்கருக்குக் கீழே மக்கு வைத்து அடைத்த இரண்டு சின்னத் துளைகள் இருந்தன. ஊசியால் மக்கை நோண்டி எடுத்தார். “இங்க ஒரு தகடு இருந்திருக்கு. அதுலதான் நிஜப் பேரு. எங்க அது?”

“எனக்குத் தெரியாது.”

கண்ணாடிக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பாக்கெட்டில் கையை விட்டுச் சாவியை உருட்டிக்கொண்டு நின்றேன்.

கிட்டாரைக் கவிழ்த்து, கழுத்தையும் உடம்பையும் சேர்க்கிற நாலு திருகுகளைக் காட்டினார். “இந்தத் தலையில சிலுவைக்குப் பக்கத்துல சின்னப் புள்ளி தெரியுதா? ஜப்பான் திருகு. சாதா ஸ்குரூ டிரைவர் போட்டா வழுக்கும்.” வேறொரு டிரைவரை எடுத்துக் கழற்றினார். கழுத்து தனியாக வந்தது. உடம்பு ஒரே மரம் இல்லை, ஒட்டுப்பலகை. முன்பக்கத்தில் கோடு போட்ட இரும்புத் தகட்டையும் தூக்கினார். கம்பிக்குக் கீழே சத்தத்தை வாங்குகிற சின்னப் பெட்டிகள் நாலு இருந்தன, ஒவ்வொன்றுக்கும் வீட்டு லைட் சுவிட்ச் மாதிரி ஒரு சுவிட்ச்.

“ஜப்பான்தான். அதுல பொய் இல்ல,” என்றார். “அம்பது வருஷத்துக்கு மேல ஆகுது. அப்ப அங்க ஒரே தொழிற்சாலை பத்துக் கடைக்குப் பத்துப் பேரு போட்டு அனுப்பும். நாலு பெட்டி வச்சது ரெண்டு மூணு பேருல வந்துச்சு. தகடு இல்லாம எந்த மாடல்னு அடிச்சுச் சொல்ல முடியாது. பேரில்லாததுக்கு எட்டாயிரம் தரலாம்.”

“தகடு இருந்தா?”

“இருந்தா வேற பேச்சு. இல்லாததைப் பத்திப் பேசி என்ன பண்ண?” கழுத்தை எடுத்த குழிக்குள் டார்ச் அடித்தவர் சட்டென்று நிறுத்தினார். “இங்க பாருங்க.”

குழிக்குள் கறுப்பு இல்லை. கிளிப்பச்சை.

“நல்ல பச்சையை மூடிக் கறுப்பு அடிச்சிருக்கான். அதுவும் போன மாசம் அடிச்ச மாதிரி இருக்கு. அடையாளம் தெரியக் கூடாதுன்னா மட்டும்தான் இப்படி அடிப்பாங்க. இது உங்களோடதுதானே?”

“கடனுக்கு வந்ததுன்னு சொன்னேனே.”

“சரி, விட்டுட்டுப் போங்க. ரெண்டு நாள் பாத்துட்டுச் சொல்றேன்.”

எனக்கு அவர் மேலேயும் சந்தேகம் வந்துவிட்டது. எட்டாயிரம் என்று சொல்லிவிட்டு எதற்கு விட்டுப் போகச் சொல்கிறார்? அந்த நாலு பெட்டியில் இரண்டைக் கழற்றிக்கொண்டால் எனக்கா தெரியப்போகிறது? “பூட்டிக் குடுங்க, நான் எடுத்துட்டே போறேன்,” என்றேன். அவர் சிரித்தார். “உங்களுக்கு என்னை நம்பிக்கை இல்ல. எனக்கு உங்களை நம்பிக்கை இல்ல. கணக்கு சரியாப் போச்சு,” என்று திருகுகளைப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி லாண்டரியில் இஸ்திரி வேலை முடித்து எனக்கு முன்பே வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சாவி என்னிடம். பையை மறைக்க வழியில்லை.

“வயித்தை வச்சுக்கிட்டு இதை எதுக்குத் தூக்கிட்டு அலையறீங்க? கச்சேரிக்குப் போறீங்களா?”

எல்லாவற்றையும் சொன்னேன். சவுண்டு காட்டாதே என்று சொன்னது, ஸ்டிக்கர், இரண்டு துளை. பச்சை என்றதும் அவள் முகம் மாறிவிட்டது.

“என்ன பச்சை?”

“கிளிப்பச்சை.”

பையைத் திறந்தாள். கிட்டாரைத் தொடவில்லை. அந்த நாலு சுவிட்சையும் பார்த்தாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். “சாவியைக் குடுங்க.”

கொடுத்தேன். சாவியை விட்டுவிட்டுத் தகரத் துண்டைப் பிடித்தாள். இறக்கை மாதிரி வளைந்த துண்டு. எழுத்தெல்லாம் தேய்ந்து மொழுமொழுவென்று இருக்கும், சோடா பாட்டில் திறக்கக்கூட அதைத்தான் எடுப்பேன். அதன் பின்னால் இரண்டு சின்ன முளைகள் உண்டு, ஒன்று பாதி ஒடிந்தது. அதைக் கிட்டாரின் தலையில் வைத்து அழுத்தினாள். முளைகள் இரண்டும் துளைகளுக்குள் போய் உட்கார்ந்தன.

“எங்கப்பாவோடது,” என்றாள். “ஓட்டல்ல வாசிச்சாரு. தகடு கழண்டு விழுந்தப்ப, நான் சின்னப் பொண்ணு, எனக்கு விளையாடக் குடுத்தாரு. நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா செத்தப்ப, கிட்டாரை வித்து ஆஸ்பத்திரிக்குக் கட்டிட்டேன்னு சொன்னானே அந்தப் படுபாவி. மிச்சத்துக்கு என் வளையல் போச்சு.”

எல்லா எழுத்தையும் விடாமல் படிக்கிறவன் நான். இத்தனை வருஷமாகப் பாக்கெட்டில் இருந்த இதை ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. கம்பிக்காரர் தகடு எங்கே என்று கேட்டபோதும் இதைத்தான் உருட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

போன் போட்டதும் சவுண்டு வந்தான். தகடு பொருத்தின கிட்டாரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

“உள்ள வாடா. உன் சொத்துத்தானே, வந்து பாரு.”

“அக்கா, நான் விக்கலை. அது மட்டும் சத்தியம்.”

“வித்தேன்னு சொன்னதும் நீதான். இப்ப எது சத்தியம்?”

“விக்க மனசு வரல. கோஷ்டிக்கு வாடகைக்கு விட்டேன்.”

“எத்தனை வருஷமா?”

அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான். நான் கேட்டேன். “அப்புறம் எதுக்குடா கறுப்பு?”

“பச்சையைப் பாத்தா அக்கா கண்டுபிடிச்சிடும்ல மாமா. ஸ்டிக்கர் ஒட்டுனது உங்களுக்கு நல்ல விலை கிடைக்கட்டும்னுதான்.”

“நல்ல விலையா? உன் ஸ்டிக்கரைப் பாத்துட்டு அந்த மனுஷன் என்னைத் திருடன்னு நெனச்சுட்டாரு.”

“என் அப்பன் கிட்டாரை எனக்கே குடுத்து என் புருஷன்கிட்ட வாங்குன கடனை அடைக்கறான்,” என்றாள் அவள். “இவனுக்குச் சவுண்டுன்னு பேரு வச்சது தப்புங்க. எதிரொலின்னு வச்சிருக்கணும்.”

எனக்கு அப்போதும் ஒரு பயம் இருந்தது. அப்பாவுடையது என்று தெரிந்த பிறகு இவள் விற்க விடுவாளா? கேட்டுவிட்டேன்.

“விக்காம? சுவத்துல மாட்டிட்டு உங்களையும் பக்கத்துல மாட்டணுமா?”

மூன்று பேருமாகக் கம்பிக்காரரிடம் போனோம். தகட்டைப் பார்த்தவர் போனில் பழைய படங்களைத் தள்ளித் தள்ளி ஒன்றில் நிறுத்தினார். அதே இறக்கை, அதே நாலு சுவிட்ச், அதே பச்சை. இந்தப் பேரில் நாலு பெட்டி வைத்து வந்தது இந்த ஒரு மாடல்தானாம். துணியை எதிலோ நனைத்து உடம்பின் ஓரத்தில் தேய்த்தார். கறுப்பு கரைந்து பச்சை தெரிந்தது.

“பழைய பெயின்டைத் தேய்க்காம மேலேயே அடிச்சிருக்கான். யாரோ சோம்பேறி.”

“நான்தான்,” என்றான் சவுண்டு.

“நல்ல வேளை. உழைச்சிருந்தா விலை விழுந்திருக்கும்.”

பழைய கிட்டார் சேர்க்கிற ஒருவருக்குப் போன் போட்டு எங்கள் முன்னாலேயே பேசினார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன், போட்டார். இருபத்தெட்டாயிரத்துக்கு முடிந்தது.

“பாதி என்னுது,” என்றாள் என் மனைவி. “உன் பாதி பதினாலு. மாமாவுக்கு இன்னும் நாலாயிரத்து எழுநூத்தி அம்பது பாக்கி. வாடகைக் கணக்கை நான் கேக்கல. கேட்டா உன் மைக்செட்டே பத்தாது.”

ஆஸ்பத்திரியில் சேர்கிற அன்று காலையில் சவுண்டு வந்தான். இரண்டு குழாய் ஸ்பீக்கரை விற்றானாம். பணம் கட்டுகிற ஜன்னலுக்கு முன்னால் நோட்டுகளை என் கையில் வைத்தான். எண்ணினேன். நாலாயிரம்.

“எழுநூத்தி அம்பது?”

“மறந்தே போச்சு மாமா,” என்று சொல்லி மற்றப் பாக்கெட்டில் கையை விட்டு எடுத்துக் கொடுத்தான். என் மனைவி எல்லாவற்றையும் என் கையிலிருந்து வாங்கி இன்னொரு தடவை எண்ணினாள்.

“சரியா இருக்கு,” என்றாள். வாங்கி ஜன்னலுக்குள் நீட்டினேன்.