டாக்டரம்மா

கொலம்பியத் தலைநகர் போகோட்டாவில் இஸ்திரி போட்ட கோட்டு மாட்டியவர்கள் எல்லாம் வாசற்காவலர் கண்ணுக்கு டாக்டர்தான். படித்தீர்களா என்று ஒருவரும் கேட்பதில்லை. அன்று நான் அக்காவின் கோட்டை இரவல் வாங்கி மாட்டியிருந்தேன்.

"டாக்டரம்மா வந்திருக்காங்க!" என்று காவலர் எவேலியோ மாடிக்குப் போனில் முழங்கினார்.

சுற்றுச்சூழல் பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒரே ஓர் இடம். அதற்கான நேர்காணலுக்குத்தான் வந்திருந்தேன். தங்கம் அரிப்பவர்கள் எங்கள் ஊரான கிப்தோவின் ஆற்றில் கலக்கும் பாதரசத்தை நீக்க வழி தேட வேண்டும். அந்த இடம் கிடைக்காவிட்டால் எனக்கு வேறு வழியில்லை.

மாடியில் பேராசிரியர் ஃபகார்தோ எழுந்து கை கொடுத்து, தன் பக்கத்திலேயே உட்கார வைத்தார். கடுங்காப்பி வந்தது.

"பயணம் நல்லா இருந்துச்சா?"

"மலைப்பாதைங்க. முதுகு போச்சு."

விண்ணப்பித்தவளுக்கு இவ்வளவு உபசாரமா? ஒன்றும் புரியவில்லை. அதற்குள் அதே இடத்துக்கு விண்ணப்பித்த துவான் என்ற பையன் வந்து எதிர் நாற்காலியில் அமர்ந்தான். காப்பித்தோலைக் கரியாக்கிப் பாதரசத்தை உறிஞ்ச வைப்பேன் என்றான். அது என் திட்டமும்தான்.

"நீங்க எதுவும் கேக்கணுமா, டாக்டரம்மா?" என்றார் ஃபகார்தோ.

போட்டியாளர்களை மோதவிட்டுப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது, நாசமாய்ப் போக!

"பாதரசம் ஏறின கரியை அப்புறம் எங்க போடுவீங்க?" என்று கேட்டேன்.

"புதைச்சிடலாங்க," என்றான் துவான்.

"எங்க ஊர்லயா, உங்க ஊர்லயா?"

ஃபகார்தோ வாய்விட்டுச் சிரித்தார். துவான் முகம் சிவந்து வெளியே போனான்.

"கடைசியா யோலிமா அர்போலெடான்னு ஒரு பொண்ணு. ஆளையே காணோம். இந்தப் பையனுக்கே குடுத்துடலாமா? வெளியூர்லேருந்து தேர்வாளரா வந்திருக்கீங்க, நீங்களே சொல்லுங்க."

அப்போதுதான் உறைத்தது, என்னைத் தேர்வாளர் என்று நினைத்துவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் இடம் போய்விடும். திறந்தால் மோசக்காரி என்பார்கள். எழுந்து மேசையைச் சுற்றிப் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"யோலிமா நான்தாங்க."

"அப்போ டாக்டரம்மா யாரு?"

"வாசல்ல கேளுங்க."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "சரி, அந்தக் கரியை நீங்க எங்க போடுவீங்க?"

ஏதாவது புளுகிவிடலாமா என்று நாக்கு துடித்தது. அவமானமாகவும் இருந்தது.

"தெரியலங்க. தெரிஞ்சிருந்தா இங்க எதுக்கு வரேன்?"

அவர் என் விண்ணப்பத்தை எடுத்து ஓரத்தில் ஏதோ குறித்தார். "அதையே தலைப்பா வெச்சுக்கோங்க. பிப்ரவரியில வந்து சேருங்க."

வாசலில் எவேலியோ கதவைத் திறந்துவிட்டார். "போயிட்டு வாங்க, டாக்டரம்மா."

"அப்படிக் கூப்பிடாதீங்க! அதுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு," என்று எரிந்து விழுந்தேன்.

"சரிங்க, டாக்டரம்மா."