பின்னாடி வரா

1

இந்தக் கதை இரண்டு சொல்லில் இருந்து வந்தது. "பின்னாடி வரா." எங்கள் எதிர்வீட்டு ஸ்டெபின் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்ன பதில் அது. "ஏஞ்சல் எங்கப்பா?" என்று நான்தான் கேட்டேன். ஏஞ்சல் அவன் மனைவி. அவன் அப்படிச் சொன்ன நேரத்தில் அவள் சறுக்கி ஒரு கல்குவாரிப் பள்ளத்தில் விழுந்து, கால் முறிந்து, கத்தக் குரல் வராமல் கிடந்தாள்.

இதைக் கடைசியில் வைத்து உங்களைக் காக்க வைத்திருக்க வேண்டும். எனக்குத் தொழில் தெரியாமல் இல்லை. ஆனால் அன்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இன்னும் அடங்கவில்லை. அதை வைத்துக் கண்ணாமூச்சி ஆட மனம் வரவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "மலை அமைதியாக இருந்தது. காலை வெயில் புதர்களின் மேல்—"

பொய். அந்த மலையில் எங்கே நின்றாலும் ஜிஎஸ்டி ரோடு ஹாரன் கேட்கும்.

அடுத்தது: "மனிதரை மனிதர் முழுதாக அறிவது என்பது—"

இதுவும் வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

பெருங்களத்தூரில் ஒரே மாடியில் எதிரெதிர் வீடு எங்களுக்கு. ஒரு சனிக்கிழமை காலை நானும் என் கணவர் மதியழகனும் அவர்கள் இருவரோடு வண்டலூருக்கு அப்பால் ஒரு காட்டு மலைக்குப் போனோம். (மலையின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் யாராவது எட்டிப் பார்க்கப் போவார்கள்.) பாதை ஒரு வளையம். அம்மன் கோயிலுக்குப் பின்னால் ஏறி, முகட்டோடு நடந்து, கைவிட்ட கல்குவாரியின் விளிம்பைச் சுற்றி, மறுபக்கமாக அதே கோயிலுக்கு இறங்க வேண்டும். பாதி தூரம் கருங்கல் பாறை, மீதி சூரைமுள்.

ஏற்றத்திலேயே மதியழகனின் ஷூ வாயைப் பிளந்துவிட்டது. என் துப்பட்டாவைச் சுற்றிக் கட்டிப் பார்த்தோம். நிற்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்கப்பா. நாங்க கீழ வெயிட் பண்றோம்" என்றார்.

ஏஞ்சலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணா, அந்த ஷூவுக்கு ஒரு ஜெபம் பண்ணிடலாமா?"

செல்போனை மட்டும் அவளிடம் விட்டுவிட்டு, ஸ்டெபின் அவள் பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். இருவரும் பாறை மறைவில் போனார்கள்.

3

அவன் மட்டும் இறங்கி வந்தான். பின்னாடி வரா என்றான். தண்ணீர் குடித்தான். கோயில் வேப்பமரத்தடியில் எங்களோடு உட்கார்ந்து செல்போனைப் பார்த்தான். நெற்றியில் சாதாரண வியர்வைதான்.

நேரம் போனது. ஏஞ்சலின் எண்ணுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஸ்டெபின், எடுக்க மாட்டேங்கிறாப்பா."

"சைலன்ட்ல இருக்கும்க்கா."

"நாம போய்ப் பார்ப்போம், எழுந்திரு."

"நீங்க போங்க. அவ இந்தப் பக்கம் வந்துட்டான்னா? நான் இங்கேயே இருக்கேன்."

கிழிந்த ஷூவோடு மதியழகன் முன்னால் ஓடினார். குவாரிக்குக் கீழே தேங்கிய தண்ணீரில் ஒருவர் லாரி கழுவிக்கொண்டிருந்தார். வடிவேலு என்று பிறகு தெரிந்தது. நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டு வந்தார். பாறை மடிப்பில் பச்சைத் துணியை முதலில் பார்த்தவள் நான்.

"இன்னாக்கா, ஆளு கீதா? உசுரு கீதா?"

"கை அசையுது, கை அசையுது!"

தார்ப்பாய் கட்டும் கயிற்றை எடுத்து வந்து, தானே ஏறி, அவளை முதுகில் கட்டி இறக்கி வந்தார். கீழே கிடத்திய பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்:

"மேல ஒர்த்தரு எட்டிப் பாத்துகினு நின்னாரே, அவுரு எங்க? சும்மா தண்ணியப் பாக்குறார்னு நெனச்சேன்."

ஏஞ்சல் கண்ணைத் திறந்தாள். வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அக்கா, அவர் என்னைப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன். பார்த்துட்டுப் போய்ட்டார்."

4

இங்கேதான் கதை நின்றுபோனது. ஸ்டெபினை என்னால் எழுத முடியவில்லை.

வெள்ளம் வந்தபோது தரைத்தள வீட்டுப் பூவம்மாளை நாற்காலியோடு தூக்கி மாடிக்கு ஏற்றியவன் அவன். ஒரகடத்தில் ஷிப்ட் முடித்து வரும்போது படப்பையில் நிறுத்தி எங்களுக்கும் சேர்த்துக் காய்கறி வாங்கி வருவான். ஒரு வடிவில் அவனுக்கு வேறொரு பெண்ணைச் சேர்த்தேன். அடுத்ததில் குடியைச் சேர்த்தேன். இரண்டையும் அழித்தேன். இல்லாத காரணத்தை நான் கொடுத்தால் அது என் பயத்துக்கு நானே கொடுக்கும் மருந்து.

[இந்த இடத்தில் அவன் மனதுக்குள் போக வேண்டும் என்று எனக்கே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன். போக முடியவில்லை. குறிப்பு அப்படியே இருக்கட்டும்.]

அவன் சொன்னதை மட்டும் தருகிறேன். தாம்பரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில், முகத்தைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அழுதுகொண்டே சொன்னான்:

"கல்லு உருண்ட சத்தம் கேட்டுத் திரும்பி வந்தேன்க்கா. எட்டிப் பார்த்தேன். ஒண்ணும் தெரியல. புதர் பக்கம் ஒதுங்கியிருப்பா, வந்துடுவான்னு நெனச்சேன். சத்தியமா நான் அவளைப் பார்க்கல."

நான் நம்பினேன். வார்டுக்குள் போய் அவள் முகத்தைப் பார்த்ததும் அவளையும் நம்பினேன்.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ. அவள் மன்னிக்கிறாள். இருவரும் கைகோத்து— (யாரை, எதற்கு மன்னிக்கிறாள்?)

ஆ. போலீஸ் வருகிறது. வடிவேலு சாட்சி சொல்கிறார். ஆனால் அவர் பார்த்தது ஒருவன் நின்றதை. அவன் கண்ணில் என்ன விழுந்தது என்று அவர் எப்படிச் சொல்வார்?

இ. ஏஞ்சல் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள்.

மூன்றாவது நிஜமாகவே நடந்தது. இரும்புலியூரில் இருக்கிறாள். ஸ்டெபின் தனியாகச் சமைக்கிறான். மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்பான்: "அக்கா, ஏஞ்சல் பேசினாளா?"

பேசினாள். போன மாதம்.

"சரிதா அக்கா, கதை எழுதுறீங்களாமே. அதுல அவர் பார்த்தாரா, பார்க்கலையா?"

"தெரியலம்மா. அங்கேயே நிக்குது."

"எனக்கும் அங்கேயேதான் நிக்குது. வாங்க, போய்ப் பார்த்துடலாம்."

6

ஊன்றுகோலோடு அவள் பாறையில் ஏறினாள். வேண்டாம் என்று இரண்டு இடத்தில் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று அணிந்திருந்த அதே பச்சையில் ஒரு துப்பட்டாவை எனக்குப் போர்த்திவிட்டாள்.

"நீங்க கீழ, நான் கிடந்த இடத்துல உட்காருங்க. நான் அவர் நின்ன இடத்துல நிக்கிறேன். கையைத் தூக்குங்க. குரல் மட்டும் கொடுக்காதீங்க. நான் கொடுக்கல."

லாரி வரும் வழியில் சுற்றிக் கீழே போய், பாறை மடிப்பில் ஏறி உட்கார்ந்தேன். அண்ணாந்து பார்த்தேன். விளிம்பில் ஏஞ்சல் வந்து நின்றாள். பின்னால் கண்கூசும் வானம்.

கையைத் தூக்கினேன்.

அவள் அசையவில்லை. என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. என்னைத் தாண்டித் தண்ணீரைப் பார்ப்பதுபோலவும் இருந்தது. இது வெறும் சோதனை என்று எனக்குத் தெரியும். இருந்தும் மேலே ஒருத்தி அப்படிச் சத்தமில்லாமல் நிற்க நிற்க, தூக்கிய கையை வேகமாக ஆட்டத் தொடங்கினேன்.

"ஏஞ்சல்!" என்று கத்திவிட்டேன்.

அவள் திரும்பி நடந்தாள். விளிம்பு காலியாகிவிட்டது.

கோயிலடியில் சேர்ந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்ததா இல்லையா என்று சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் பெருமூச்சு விட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். எனக்கு அந்தப் பெருமூச்சு இன்னும் வரவில்லை.

"இரும்புலியூர்ல இறக்கி விடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்க்கா. உங்ககூடவே வரேன்."

எங்கள் மாடிக்கு வந்ததும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். எதிர்வீட்டு அழைப்புமணியை அழுத்தினாள். உள்ளே குக்கர் சத்தம். "வரேன்" என்று ஸ்டெபினின் குரல். செருப்புச் சத்தம் கதவை நோக்கி வந்தது.

நான் என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நீங்கள் வேண்டுமானால் அங்கேயே நில்லுங்கள்.