ஜீப்புக்கு வந்த வியாதிகள்

வேல்ராஜின் ஜீப்பில் ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் வைகாசி, ஆனி இரண்டு மாதமும் மேலகரத்திலிருந்து வடக்கே பனிமலைக்குப் போன சேதியெல்லாம் வேறு மாதிரி இருந்தது.

வேல்ராஜ் பட்டாளத்தான். வருஷத்தின் பெரும்பகுதி எல்லையில், மனுஷன் குடியிருக்கத் தோதில்லாத ஏதோ ஓர் உயரத்தில் இருப்பான். அவன் மனைவி உமாராணி மாமியாரோடும், தகரக் கொட்டகைக்குள் நிற்கும் பச்சை ஜீப்போடும் மேலகரத்து வீட்டில் இருந்தாள். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வந்ததில்லை.

சாயங்காலம் போன் வரும். சாப்பிட்டியா, அம்மா மாத்திரை போட்டாளா, அங்கன மழையா, சரி வைக்கட்டுமா. அவ்வளவுதான். பாசம் இல்லாதவன் என்று சொல்லிவிட முடியாது. பேசத் தெரியாது, அதுதான் விஷயம். அந்த நாலு கேள்வி தீர்ந்ததும் போனில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். அவன் வைக்கிறவரை உமாராணி அந்தக் காற்றையும் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவன் வாயைத் திறக்க வைத்தது ஜீப்தான். தென்காசியில் ஜீப் வைத்திருக்கும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். சாம் என்பவர் அதற்குத் தலைவர் மாதிரி. ஆடிச் சாரலில் எல்லோரும் வரிசை கட்டிச் செங்கோட்டையைத் தாண்டி, ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டின் சேற்றுப் பாதையில் வண்டியை ஏற்றி இறக்கிக் கூத்தடித்துவிட்டு வருவார்கள். அதற்கென்றே வேல்ராஜ் ஆடியில் லீவு வாங்கியிருந்தான்.

“நான் வாரதுக்குள்ள வண்டிய ரெடி பண்ணி வையி. இந்தத் தடவ நீயும் வா” என்று சொன்னான்.

நீயும் வா என்றானே, அதற்காக உமாராணி ஜீப்பைத் தலையில் தூக்கிக்கொண்டுகூட நடந்திருப்பாள்.

குற்றாலம் ரோட்டில் சங்கரபாண்டி என்பவர் பட்டறை வைத்திருந்தார். அவளே வண்டியை அங்கே ஓட்டிக்கொண்டு போனாள். கியர் ஆயில் மாற்றியாயிற்று. ஃபேன் பெல்ட் புதிதாகப் போட்டாயிற்று. சேற்றில் மாட்டினால் இழுப்பதற்கு முன்னாலும் பின்னாலும் கொக்கி வைத்தாயிற்று. முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் இருக்கும் ஹப்பைக் கையால் திருகிப் பூட்டினால்தான் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அதையும் பிரித்துத் துடைத்து, கிரீஸ் வைத்து மூடினார்கள். ஒவ்வொன்றையும் வேல்ராஜ் போனில் கேட்டுக் கேட்டுச் செய்யவைத்தான்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. அவன் குரலே மாறிப்போனது.

“கைய உள்ள விட்டுப் பாருட்டி, பயப்படாத. விரல்ல ஒட்டுதா? மெல்லத் தேச்சுப் பாரு. நறநறன்னு இருக்கா, வழுவழுன்னு இருக்கா?”

கிரீஸைப் பற்றித்தான் கேட்டான். உமாராணிக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

நல்ல வேலைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அது முடிந்துவிடும். வண்டி தயாரான மறுநாள் போன் வந்தது. சாப்பிட்டியா, அம்மா மாத்திரை போட்டாளா. வண்டி? நல்லா இருக்கு. மறுபடியும் காற்று.

“சரி, வைக்கட்டுமா?”

“அத்தான், முன்சக்கரத்துல ஏதோ சத்தம் கேக்குது” என்று அவள் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது.

அன்றைக்கு அடுப்பில் வைத்த சோறு குழைந்துபோகும்வரை பேசினான்.

அப்புறம் கேட்க வேண்டுமா? ஆனால் பொய் சொல்லவும் தொழில் தெரிய வேண்டும். சும்மா வண்டி சரியில்லை என்றால் பட்டாளத்தான் நம்புவானா? உமாராணி பட்டறைக்குப் போய், “இதுல என்னெல்லாம் கெட்டுப் போகும் அண்ணாச்சி?” என்று கேட்டாள்.

“நல்லா இருக்க வண்டிக்கு எதுக்கும்மா சீக்குக் கேக்குத?” என்று சங்கரபாண்டி முழித்தார். ஆனாலும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்.

அதன்பிறகு ஜீப்புக்கு வராத வியாதி இல்லை. ரேடியேட்டர் ஒழுகியது. ஸ்டியரிங் ஆடியது. பிரேக் ஒரு பக்கமாக இழுத்தது. இரண்டாவது கியர் நிற்காமல் துள்ளி வெளியே வந்தது. அவன் வைத்தியம் சொல்வான், அவள் குணமாக்கிவிட்டதாகச் சொல்வாள், கொஞ்ச நாளில் வேறொன்று கிளம்பும். கொட்டகையில் வண்டி துடைத்துவைத்த குத்துவிளக்காட்டம் நிற்கும். அதன் படியிலேயே உட்கார்ந்துகொண்டு அவள் அதைப் பற்றி அபாண்டமாகப் பேசுவாள்.

மனசு உறுத்தாமல் இல்லை. ஆனால் குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. அருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையும் தோளில் துண்டுமாகப் புருஷன் பெண்டாட்டிகள் பைக்கில் ஒட்டிக்கொண்டு போவதை அவள் தினமும் பார்த்தாள். பொறாமைதான், வேறென்ன. அவளுக்குக் கிடைத்தது ஒரு குரல். அதை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆடியில் அவன் வந்ததும் உண்மையைச் சொன்னால் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுச் சிரிப்பான் என்று நினைத்திருந்தாள்.

ஆனி முடிகிற சமயத்தில் ஒருநாள் மத்தியானமே போன் வந்தது. பதறிப்போய் எடுத்தாள்.

“ஒண்ணும் இல்ல, பதறாத” என்றான் வேல்ராஜ். “இங்கன கூட இருக்க பஞ்சாப்காரனோட அப்பாவுக்கு ஆபரேசன். லீவு கெடைக்காமத் தவிச்சான். என் லீவ அவனுக்கு மாத்திக் குடுத்துட்டேன்.”

உமாராணி போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

“நம்ம வண்டி இந்த வருசம் வரலன்னு சாம்ட்டயும் சொல்லிட்டேன். நீயும் எம்புட்டு நாளா அதோட மல்லுக்கட்டுத. ஒண்ணச் சரி பண்ணுனா இன்னொண்ணு போவுது. நான் வந்தா லீவு பூரா வண்டிக்கு அடியிலதான் கெடப்பேன், என் புத்தி எனக்குத் தெரியாதா? காலு ரெண்டும்தான் ஒன் கண்ணுல படும். அதான் தையில வாரேன். வண்டியத் தொடவே மாட்டேன். எந்நேரமும் ஒன்கூடத்தான்.”

ஜீப்பை விட்டுவிட்டு அவளைப் பற்றி அவன் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்படக்கூட முடியவில்லை. இந்தா வந்துவிடுவான் என்றிருந்தவனைத் தன் வாயாலேயே திருப்பி அனுப்பிவிட்டாள்.

“அந்த லீவத் திருப்பி வாங்க முடியாதா?”

“அவன் கிளம்பிப் போயிட்டான்ட்டி.”

“அத்தான்” என்றாள். “வண்டிக்கு ஒண்ணும் இல்ல.”

“என்னது?”

“ஒண்ணுமே இல்ல. அன்னைக்கு அண்ணாச்சி பாத்ததோட சரி, நல்லா ஓடுது. நான்தான் சும்மா சொன்னேன். நீங்க போன வச்சிருவியளேன்னு சொன்னேன்.” அதற்கு மேல் முடியாமல் அழுதுவிட்டாள்.

அந்தப் பக்கம் காற்றுதான் அடித்தது.

“ரேடியேட்டரு?” என்றான் கடைசியில்.

“பொய்.”

“பிரேக்கு இழுக்குன்னியே?”

“அதுவும்தான்.”

“கியர் துள்ளுதுன்னு சொன்ன. நான் தூங்கலயேட்டி அன்னைக்கு.”

அவன் திட்டட்டும் என்று காத்திருந்தாள். திட்டினாலும் அது அவன் குரல்தானே. தூரத்தில் யாரோ இந்தியில் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

“உமா” என்றான். “தை வாரதுக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்கு. அது வரைக்கும் வண்டியில என்னெல்லாம் கெட்டுப் போகணும்னு யோசிச்சு வையி. சாயங்காலம் கூப்பிடுதேன்.”