நிதுர்ஷனின் விலாசம்

என் தங்கை மகன் நிதுர்ஷன் மோட்டார் சைக்கிள் திருடி இரண்டு முறை சிறை போனவன். எங்கள் படுவான்கரையில் குடி, அதாவது குலம், தாய்வழியில் வரும். ஆகவே அவன் என் குடி. இருபது வருடம் நான் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கராக இருந்தேன். எனக்குப் பின் அது அவனுக்கு வரவேண்டியது. இனி வராது.

முதல் முறை சிறையில் மேசன் வேலை பழகிச் சான்றிதழோடு வந்தான். நாலாம் மாதம் மறுபடியும் பிடிபட்டான். இந்த முறை சிறைப் பேக்கரியில் பாண் போடப் பழகியிருக்கிறானாம். விடுதலைக்கு ஒரு வாரம் முன்பு, சிறைச்சாலை நலன்புரி உத்தியோகத்தர் நஸீறா ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வந்தார்.

“பேக்கரியில வேலை சொல்லி வச்சிருக்கம், ஐயா. தங்கப்போற வீட்டுக்காரர் கையெழுத்து வைக்கணும்.”

“போன முறையும் ஒரு கடதாசி குடுத்துத்தான் விட்டீங்க. என்னத்தத் திருத்தினீங்க?”

அவர் கோபிக்கவில்லை. “நாலு மாசமும் வேலைக்கு ஒழுங்காப் போயிருக்கார். எங்க படுத்தவரெண்டு தெரியுமா?”

“தெரியாது.”

“பழைய கூட்டாளிட கராஜில. அவனோடதான் மறுகா பிடிபட்டவர்.”

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் மனைவி வீட்டுக்குப் போகவேண்டும். தாய் வீட்டை அவன் அக்கா விதுர்ஷாவுக்குச் சீதனமாக எழுதுவித்தவன் நானே. அவள் புருஷன் இவனை வாசல் படலைக்குள் விடவில்லை. கல்யாணமாகாதவன் சிறையிலிருந்து வந்தால் எங்கே படுப்பான் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஆனாலும் சொன்னேன். “என்ட வீட்டில கள்ளனுக்கு இடமில்ல, பிள்ளை.”

தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவி அன்னப்பூரணி கோப்பைகளை மெதுவாக வைத்தாள்.

“ஆருட வீடு?”

நான் என் கோப்பையை எடுத்தேன்.

“நாப்பத்தொரு வருசத்துக்கு முன்ன ஒரு டிரங்குப் பெட்டியோட வந்தீங்க. இருக்க இடமில்ல எண்டு எங்கட அப்பா சொன்னவரா?”

நஸீறா குனிந்து படிவத்தைப் பார்த்தார். சிரிப்பை மறைக்கத்தான்.

“வீட்டு உறுதி என்ட பேரில. பேனையத் தாங்க, மகள்,” என்றாள் அன்னப்பூரணி.

மூன்று நாள் நான் சந்திக் கடைப் பக்கம் போகவில்லை. விடுதலையன்று படலையில் போய் நின்றேன். சந்திக் கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸால் இறங்கி வந்தவன் வெளியிலேயே நின்றான்.

“உள்ள வரலாமா, மாமா?”

“மாமியிட்டக் கேள். நானும் கேட்டுத்தான் வந்தனான்.”

அவன் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

இது ஐந்தாம் மாதம். போன கிழமை பேக்கரி முதலாளி பாட்டுப் போட்டுத் தெருத்தெருவாகப் பாண் விற்கும் ஆட்டோவை ஓட்டச் சொல்லித் திறப்பை அவனிடம் கொடுத்துவிட்டார். மோட்டார் சைக்கிள் திருடியவனிடம்! பின்னேரங்களில் நான் படலையடியில் கதிரை போட்டு உட்கார்கிறேன்.

“மருமகனைக் காவல் காக்கிறீங்களா, போடியார்?” என்று சந்தியில் கேலி செய்கிறார்கள்.

“காத்துக்கு இருக்கிறன்,” என்கிறேன்.

பாண் ஆட்டோவின் பாட்டு ஒழுங்கைக்குள் திரும்பிய பிறகுதான் எழுந்து உள்ளே போவேன்.