எழுந்தாச்சா?

காலையில் சீக்கிரம் எழுகிறவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. ஐந்து மணிக்குக் கண் விழித்ததையே பெரிய சாதனையாக நினைத்துக்கொண்டு, எட்டு மணி வரை தூங்குகிறவர்களைத் திருடர்களைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு நான் முதுகொடிய வேலை பார்க்கும்போது இவர்கள் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விடுகிறார்களே, அதை மட்டும் யாரும் சோம்பேறித்தனம் என்று சொல்வதில்லை.

என் நாத்தனார் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. கணவருக்கு அக்கா, எனக்கும் அக்கா என்று கூப்பிட வேண்டிய இடம். இரண்டு தெரு தள்ளி வீடு. நாலு மணிக்கு எழுந்து ஆறு மணிக்குள் வீட்டு வேலையை எல்லாம் முடித்துவிட்டு, அடுத்தவர் வீட்டில் என்ன முடியவில்லை என்று பார்க்கக் கிளம்பிவிடுவார்.

என் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி மாதிரி எடுத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக அடுக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தவறினாலும் கடிக்கும்போது ஈறு புண்ணாகிவிடும். வீட்டின் பின்னறைதான் பட்டறை. பகலெல்லாம் காலிங் பெல், போன், குக்கர் விசில். இரவு பத்து மணிக்கு மேல்தான் என் கைக்கு உயிர் வரும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே நான் அப்படித்தான்.

கணவருக்குக் கப்பலில் வேலை. எட்டு மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். மற்ற நாளெல்லாம் நானும் ஒன்பது வயது மகளும்தான். அவளுடைய பள்ளி பஸ் ஏழு இருபதுக்குத் தெருமுனைக்கு வரும். போன பருவத்தில் பதினோரு நாள் அதை விட்டோம். தப்பு என்னுடையதுதான், நான் சால்ஜாப்பு சொல்லவில்லை. மூன்று மணிக்குப் படுத்துவிட்டு, ஆறு மணி அலாரத்தை நானே அணைத்துவிட்டு, அணைத்த நினைவே இல்லாமல் தூங்கியிருக்கிறேன்.

பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அது நாத்தனார் கண்ணில் பட்டது. அன்று மாலையே கடலுக்குச் செய்தி போய், என் கணவர் போனில் வந்தார்.

"ஒரு மாசம் பாரு. முடியலன்னா பாப்பா அக்கா வீட்டுல இருந்து ஸ்கூலுக்குப் போகட்டும். லீவுக்கு உன்கிட்ட வரட்டும்."

லீவுக்கு என்னிடம் வரட்டுமாம். நான் என்ன அவளுக்கு அத்தையா? ஆனால் பதினோரு நாள் என் பேரில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். அப்போது பாப்பா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ராணுவச் சட்டம். இரவு பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும். அலாரம் ஐந்துக்கு. சத்தம் எடுப்பாகக் கேட்கட்டும் என்று போனை ஒரு சில்வர் கிண்ணத்துக்குள் போட்டு, கட்டிலிலிருந்து கை எட்டாமல் அலமாரி மேல் வைத்தேன். கட்டிலோரம் ஒரு டம்ளர் தண்ணீர், திரை விலக்கிய ஜன்னல், கால் வைக்கும் இடத்தில் செருப்பு. இது போதாதென்று நாத்தனார் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். தினமும் ஐந்து மணிக்கு "எழுந்தாச்சா?" என்று மெசேஜ் போடுவார், ஐந்து நிமிஷத்துக்குள் நான் பதில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை கிடையாது.

முதல் நாலு நாள் செத்துப் பிழைத்தேன். பத்து மணிக்குப் படுத்து ஒரு மணி வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலாரம் அடித்ததும் தள்ளாடிப் போய்ப் பதில் போட்டேன். அதற்குப் பிறகு என்னவோ பழகிவிட்டது. அலாரம் கேட்டதா, எழுந்தேனா, பதில் போட்டேனா, எல்லாம் அரைத்தூக்கத்தில் புகைமூட்டமாக இருக்கும். ஆறு மணிக்குப் பாப்பா வந்து தோளைத் தொடுவாள். "அம்மா, நேரமாச்சு." அவளும் சேர்ந்து பழகிவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு நாளும் பஸ்ஸை விடவில்லை. "பாத்தியா, மனசு வச்சா எல்லாம் வரும்" என்றார் நாத்தனார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வேலைதான் நாறியது. காலை வெளிச்சத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுக்கியதில், ஒரு பெரியவரின் மேல்செட்டில் இடது கோரைப்பல்லை வலதிலும் வலதை இடதிலும் வைத்துவிட்டேன். பதினாலு வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை. "மேடம், அவரு சிரிச்சாரு, பேரன் அழுதுட்டான்" என்றார் டாக்டர்.

இருபத்தோராம் நாள் வகுப்பு டீச்சர் போன் செய்தார்.

"உங்க பொண்ணு தினமும் ரெண்டாவது பீரியட்ல தூங்கறா. இன்னிக்கு டெஸ்க்ல மோதி உதடு வீங்கியிருக்கு. வீட்டுல ராத்திரி தூங்கவிடறீங்களா இல்லையா?"

"பத்து மணிக்கே படுத்துடறோம் டீச்சர்" என்றேன். என் குரலே உயர்ந்துவிட்டது. யாரைப் பார்த்து என்ன கேள்வி.

வைத்த கையோடு போனில் நாத்தனாரின் மெசேஜ்களைத் திறந்தேன். முதல் நாலு நாள், "ம்". அது நான்தான், அதற்கு மேல் அவருக்கு எழுத எனக்கு மனசு வராது. ஐந்தாம் நாளிலிருந்து, "எழுந்தாச்சு அக்கா", பக்கத்தில் சிரிக்கிற சூரியன் படம். ஐந்து மணி, ஐந்து ஒன்று, ஐந்து மணி. பதினேழு சூரியன். சூரியன் படம் போடுகிற ஆளா நான்?

நாலு மணிக்குப் பாப்பா வீங்கிய உதட்டோடு வந்தாள். போனைக் காட்டினேன். பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"அலாரம் அடிச்சா நீ வந்து ஆஃப் பண்ணிட்டு மறுபடி படுத்துடறம்மா. எழுந்தாச்சாம்மான்னு கேட்டா பதில் சொல்ற. ஆனா தூங்கிட்டேதான் சொல்ற. அதான் அத்தைக்கு நானே அனுப்பிட்டேன்."

"நீ எப்படி எழுந்துக்கற?"

"அஞ்சு மணிக்கு எழுந்துக்கறதில்ல. ரெண்டு மணிக்குப் பாத்ரூம் போக முழிப்பு வரும், அப்பவே உக்காந்துடுவேன். மறுபடி தூங்கினா நானும் எழுந்திருக்க மாட்டேன்ல."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா உன்னால முடியலன்னு ஆயிடும். அப்புறம் அத்தை வீட்டுக்கு அனுப்பிடுவீங்க."

அந்தச் சில்வர் கிண்ணத்தை எடுத்துச் சுவரில் எறிந்தேன். கடலில் இருக்கிறவர் மேல், அதிகாலைக்குப் பிறந்த நாத்தனார் மேல், எல்லாருக்கும் மேலாக என் மேல் வந்த கோபம். பாப்பா காதைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்ததும் கூசிப்போனேன். அவளை மடியில் போட்டுக்கொண்டேன். இரண்டே நிமிஷத்தில் யூனிஃபார்மோடு தூங்கிவிட்டாள்.

அவள் தலையின் கனத்தில் கால் மரத்துப்போக, எனக்கு ஒன்று புரிந்தது. எனக்கு விடியற்காலையில் எழத்தான் வராது. விடியும்வரை விழித்திருக்க வரும். இந்த முப்பத்தெட்டு வயதில் எனக்கு உருப்படியாக வருவதே அது ஒன்றுதான். காலை என்றால் தூங்கி எழுந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று எவரோ சொன்னதை நம்பி, ஒன்பது வயதுக் குழந்தையைக் காவல்காரி ஆக்கியிருக்கிறேன்.

இரவு அவளைப் படுக்கவைத்து, "இனிமே நீ தூங்கு. முழிச்சிருக்கறது என் வேலை" என்றேன். நம்பாமல் பார்த்தாள். பின்னறை விளக்கை அவளுக்குத் தெரிகிற மாதிரி கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பெரியவரின் பல்செட்டை எடுத்தேன். மூன்று வாரத்துக்குப் பிறகு கை சொன்னபடி கேட்டது.

ஐந்து மணிக்கு வந்தது. "எழுந்தாச்சா?"

"தூங்கவே இல்லை அக்கா" என்று அடித்து, பாலிஷ் போட்டு முடித்த மேல்செட்டின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். அவரைப் பார்த்து ஈ என்று இளித்தது.

ஆறு மணிக்கு வாசலில் நின்றார். கையில் ஒரு காலிப் பை.

"ராத்திரி பூரா முழிச்சிருந்தியா? இதெல்லாம் ஒரு வீடா? பாப்பா துணிமணிய எடுத்து வை."

"மெதுவா பேசுங்க. அவ தூங்கறா."

"மணி ஆறாச்சு. இன்னும் எழுப்பலையா?"

"ஆறே முக்காலுக்கு எழுப்பினா போதும். டிபன் ரெடி, ஷூ வாசல்ல இருக்கு. பஸ் ஏத்திட்டு நான் ரெண்டு மணி வரைக்கும் தூங்குவேன்." நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயந்து நிறுத்தாமல் பேசினேன். "பதினேழு நாளா உங்களுக்குச் சூரியன் அனுப்பினது நான் இல்லக்கா. அவ. உங்க வீட்டுக்கு வரக்கூடாதுன்னு ராத்திரியெல்லாம் உக்காந்திருந்திருக்கா."

நாத்தனார் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் நான் மாவுக் கிண்ணங்களைக் கழுவினேன், அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆறே முக்காலுக்குப் பாப்பாவின் தோளைத் தொட்டேன். அசையவில்லை. உலுக்கினேன். கண்ணைத் திறக்காமலே தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்மா."

பதினேழு நாளுக்குப் பிறகு அவளை எழுப்ப வேண்டியிருந்தது அன்றுதான். திரும்பினேன். நாத்தனார் அறை வாசலில் நின்றிருந்தார். காலிப் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"அஞ்சு நிமிஷம் தூங்கட்டும்" என்றார். "பஸ்ஸு வந்தா நான் நிறுத்தி வைக்கிறேன்."